மாமா பேசிய சீட்டும் மகள் கேட்ட கெமிஸ்ட்ரியும்

கோவையில் நகைப் பட்டறை வைத்திருப்பவர். போன ஞாயிறு மனைவி, மகள், மைத்துனர் என்று குடும்பத்தோடு என்னிடம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு வந்தார். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகள் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கேட்கிறாள். தாய்மாமாவோ ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசியே வைத்துவிட்டார். நாலு வருடத்துக்கு 14 லட்சம். வீட்டுப் பத்திரத்தை வைத்தால் புரட்டிவிடலாம் என்று வழியும் அவரே சொல்கிறார்.

"கெமிஸ்ட்ரி படிச்சா டீச்சர் வேலைதானே சார்?" என்றார் அப்பா. பயப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். பத்திரம் என்ற பேச்சு வந்ததும் அந்த ஆறுதலை நிறுத்திக்கொண்டேன். அவரிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

வீட்டை அடகு வைக்காதீர்கள். 14 லட்சத்தை 11 சதவீத வட்டியில் பத்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை 19,000 ரூபாய்க்கு மேல் வரும். கட்டி முடிக்கும்போது 23 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பட்டறையில் வேலை இல்லாத ஆடி மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும். மாமாவின் நண்பர் மகன் பெங்களூரில் இருக்கிறான் என்பதற்காக உங்கள் மகள் கோடிங் எழுத வேண்டுமா?

ஏன் கெமிஸ்ட்ரி என்று அவளிடம் கேட்டேன். ஒரு கல்லூரி ஆய்வகத்தைப் பார்க்கப் பள்ளியிலிருந்து கூட்டிப்போனார்களாம். சோடியம் போரோஹைட்ரைடு கலந்த நைட்ரோபீனால் கரைசல், பளிச்சென்ற மஞ்சள். சும்மா வைத்திருந்தால் அப்படியே நிற்கிறது. உலோக நானோ துகள் கரைசலில் சில சொட்டு விட்டதும் சில நிமிடத்தில் மஞ்சள் வெளுத்துத் தண்ணீர்போல ஆகிவிட்டது. "வெள்ளி மட்டும் போட்டதைவிட தங்கமும் வெள்ளியும் கலந்தது சீக்கிரம் வெளுத்துச்சு சார். ஏன்னு கேட்டேன், யாரும் சொல்லல." இந்த வயதில் "ஏன்" என்று கேட்டுக்கொண்டு ஒரு பிள்ளை வீடு திரும்பினால், அதைத்தான் நாட்டம் என்கிறோம். அந்த மஞ்சள் மாறி உண்டாவது அமினோபீனால். நாம் போடும் பாராசிட்டமால் அதிலிருந்துதான் தயாராகிறது.

அப்பாவுக்கு இது புரிய அவருடைய தொழிலே போதும். செம்போ வெள்ளியோ சேர்க்காத தங்கத்தில் நகை நிற்குமா? 916 என்பதே 91.6 சதவீதம் தங்கம், மீதி கலப்பு. அந்த மஞ்சளை வெளுக்க வைத்த உலோகத் துகள் மாதிரி, தான் மாறாமல் வேதிவினையை வேகப்படுத்தும் பொருள்தான் வினையூக்கி. அதிலும் அதே கதைதான். நிக்கல் மாதிரி உலோகத் தூளை வைத்து கரிமச் சேர்மங்களில் ஹைட்ரஜன் ஏற்றியதற்காக பிரெஞ்சு வேதியியலாளர் சபாத்தியேவுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்தது. வனஸ்பதி அந்த வழியில் வந்ததுதான். இன்றைய சிக்கல் வேறு. பாலிதீன் செய்ய எத்திலீன் வேண்டும். அதில் அசிட்டிலீன் என்ற இன்னொரு வாயு துளி இருந்தாலும் அடுத்த கட்ட வினையூக்கி கெட்டுவிடும். ஹைட்ரஜன் ஏற்றி அசிட்டிலீனையும் எத்திலீன் ஆக்கலாம், ஆனால் ஒரு படி தாண்டினால் எல்லாம் பாலிதீனுக்கு உதவாத ஈத்தேன் ஆகிவிடும். அதிரசத்துக்குப் பாகு எடுக்கிற மாதிரி, பதம் வந்ததும் நிற்க வேண்டும். தனிப் பல்லேடியத்துக்கு அந்தப் பதம் தெரியாது. வெள்ளியைக் கலந்தால் பல்லேடிய அணுக்கள் தள்ளித் தள்ளி அமைகின்றன. எத்திலீன் பிடி விட்டு வெளியே வந்துவிடுகிறது. இதைச் சொன்னபோது மாமாவே கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

சரி, வழி என்ன? அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல். துணைப்பாடமாகக் கணிதம் கிடைத்தால் விடாதீர்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்றாம் வருடத்தில் ஜாம் என்ற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு: மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். தேறினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. சென்னை ஐஐடியில் வினையூக்கி ஆராய்ச்சிக்கென்றே ஒரு தேசிய மையம் இருக்கிறது, புனேயில் என்.சி.எல். என்ற தேசிய வேதியியல் ஆய்வகத்திலும் பெரிய குழு உண்டு. அப்புறம் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு முனைவர் பட்டம். கம்பெனி வேலைதான் வேண்டுமென்றால் மருந்து ஆலைகள் இருக்கின்றன, நவி மும்பையில் ஹிந்துஸ்தான் பிளாட்டினம் போல வினையூக்கி செய்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பட்டறைக் குப்பையிலிருந்து தங்கப் பொடியை மீட்கிற மாதிரி, வீரியம் தீர்ந்த வினையூக்கியிலிருந்து பல்லேடியம் மீட்பதும் அவர்களுக்கு ஒரு தொழில்.

பி.எஸ்சி.யோடு நின்றால் பெரும்பாலும் சோதனைக்கூட வேலை, குறைந்த சம்பளம். மறைக்க மாட்டேன். பிஎச்.டி. என்றால் ஐந்து வருடமாவது ஆகும். அதற்குள் கல்யாணப் பேச்சை எடுக்காமல் இருக்க உங்களால் முடியுமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார், பதில் சொல்லவில்லை.

இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள். பத்திரம் பேங்குக்குப் போகாது என்பதை மைத்துனரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மகளைச் சொல்ல வைக்காதீர்கள்.