வாசகர் கேள்வி – பதில்: வேட்பாளர் தெரிவுத் தேர்தல்களும் மதவழி வாக்கும்

அமெரிக்கக் கட்சிகள் தமது ஜனாதிபதி வேட்பாளரைத் தெரிவு செய்யும் முதனிலைத் தேர்தல்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதனைத் தொடர்ந்து திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கருத்துக்கணிப்புகள் மத நம்பிக்கையுள்ள வாக்காளரை எவ்வாறு அளக்கின்றன என்பதையே கேட்டிருந்தன. அவற்றுள் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

பொதுத் தேர்தலைவிட முதனிலைத் தேர்தலில் மத ஈடுபாடு மிக்கவர்களின் வாக்குக்கு ஏன் கூடுதல் பலம்? உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இதை எவ்வாறு விளக்கலாம்?
— ஆசிரியை ஒருவர், உப்புவெளி

வாக்களிக்க வருவோரின் தொகையிலிருந்து தொடங்குங்கள். அயோவா மாநிலத்தில் 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்கின்றனர். அங்கே குடியரசுக் கட்சி, முதனிலைத் தேர்தலுக்குப் பதிலாக, குளிர்கால இரவொன்றில் ஊர் தோறும் கூடி வாக்களிக்கும் ‘கோக்கஸ்’ என்னும் முறையைக் கையாள்கிறது. 2012இல் அதில் கலந்துகொண்டவர்கள் ஏறக்குறைய 121,000 பேர். கூட்டம் அலைமோதிய 2016இலும் 187,000 பேர் அளவில்தான். உறைபனி இரவில் வீட்டை விட்டு வெளியே வர ஒருவருக்கு வலுவான காரணமோ, அழைத்துச் செல்ல ஆளோ வேண்டும். வாரந்தோறும் ஒரே இடத்தில் கூடி, ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கும் தேவாலயச் சமூகங்களிடம் இவ்விரண்டும் உண்டு. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், தம்மைச் சுவிசேஷக் கிறிஸ்தவர் (விவிலியத்தின் அதிகாரத்தையும் தனிப்பட்ட மனமாற்றத்தையும் வலியுறுத்தும் புரட்டஸ்தாந்தப் பிரிவினர்) என்று சொல்வோர் ஏறத்தாழ நான்கில் ஒருவர். 2008இல் அயோவாவின் குடியரசுக் கட்சிக் கோக்கஸுக்கு வந்தவர்களிலோ அவர்கள் 60 சதவீதமாக இருந்தனர்.

இன்னொரு காரணத்தை நமது விருப்பு வாக்கைக் கொண்டு மாணவர்கள் எளிதாக உணரலாம். இலங்கையில் முதனிலைத் தேர்தல் இல்லை. ஆயினும் 1989ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முதல், ஒரே கட்சியின் பட்டியலில் உள்ளவர்கள் விருப்பு வாக்குக்காகத் தமக்குள்ளும் போட்டியிடுகின்றனர். அந்தப் போட்டியில் கட்சிச் சின்னமும் கொள்கை அறிக்கையும் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. ஊர், உறவு, படித்த பாடசாலை, சமயம் ஆகியவையே மேலெழுகின்றன. அமெரிக்க முதனிலைத் தேர்தலிலும் போட்டியாளர் அனைவரும் ஒரே கட்சியினர். வரி, வெளியுறவு பற்றி ஏறக்குறைய ஒன்றையே பேசுகின்றனர். ஆகவே ‘இவர் நம்மவரா?’ என்ற கேள்வி முன்னே வந்துவிடுகிறது.

2016இல் அயோவாவில் டொனால்ட் ட்ரம்ப் முன்னிலையில் இருப்பதாகக் கணிப்புகள் கூறின. வென்றவர் டெட் குரூஸ். மத நம்பிக்கையுள்ளவர்கள் கணிப்பாளரிடம் தமது எண்ணத்தை மறைத்துவிட்டார்கள் என்று கொள்ளலாமா?
— வாசகர் ஒருவர், மூதூர்

அவ்வாறு கொள்ளக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கணிப்பு தவறும்போதெல்லாம் மக்கள் பொய் சொன்னார்கள் என்று கூறுவது வாக்காளருக்குச் செய்யும் அநீதி. நடந்தது என்ன என்று பார்ப்போம்.

அயோவாவில் பெரிதும் மதிக்கப்பட்ட கணிப்பு, ‘டி மொயின் ரெஜிஸ்டர்’ பத்திரிகைக்காக ஆன் செல்சர் நடத்தியது. வாக்களிப்பு 2016 பெப்ரவரி 1ஆம் திகதி. அதற்கு முந்தைய நாட்களில் கோக்கஸுக்கு வரக்கூடியவர்கள் என்று கருதப்பட்ட 602 பேரிடம் கேட்டு, ட்ரம்புக்கு 28, குரூஸுக்கு 23, மார்க்கோ ரூபியோவுக்கு 15 சதவீதம் என்று அவர் அறிவித்தார். முடிவில் குரூஸ் 28, ட்ரம்ப் 24, ரூபியோ 23 சதவீத அளவில் பெற்றனர்.

அந்தக் கணிப்பில் பதிலளித்தோருள் 47 சதவீதத்தினர் தம்மைச் சுவிசேஷக் கிறிஸ்தவர் என்று கூறியிருந்தனர். வாக்களிப்பு இரவில் மண்டபத்துக்குள் நுழைவோரிடம் எடுக்கப்பட்ட கணிப்பிலோ அவர்களின் பங்கு 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. அவர்களிடையே குரூஸுக்குத் தெளிவான முன்னிலை இருந்தது. கேட்கப்பட்டவர்கள் உண்மையையே சொல்லியிருக்கலாம். ஆனால் மண்டபத்துக்கு வந்த கூட்டத்தின் சேர்மானம் கணிப்பாளர் எதிர்பார்த்த சேர்மானமாக இருக்கவில்லை. யார் வருவார்கள் என்பதைத் தீர்மானிப்பதே முதனிலைக் கணிப்பின் மிகக் கடினமான வேலை. பொதுத் தேர்தலில் பெரும்பாலானோர் வாக்களிப்பதால் அந்த ஊகத்தில் நேரும் பிழை ஓரளவு அடங்கிவிடும். பத்தில் ஒன்பது பேர் வீட்டிலிருக்கும் தேர்தலில் அது முடிவையே புரட்டிவிடும்.

மாதிரியின் அளவையும் கவனியுங்கள். 602 பேரில் 47 சதவீதம் என்றால் ஏறத்தாழ 283 பேர். முழு மாதிரியின் வழு எல்லை, அதாவது சிலரை மட்டும் கேட்பதால் நேரக்கூடிய பிழையின் அளவு, கூட்டியோ குறைத்தோ 4 புள்ளி. அந்த 283 பேரை மட்டும் தனியே எடுத்தால் அது 6 புள்ளியை நெருங்குகிறது. ஆனால் செய்தித் தலைப்புகள் பெரும்பாலும் அந்தச் சிறு பிரிவைப் பற்றியே எழுதப்படுகின்றன. வழு எல்லையாக அச்சாவதோ முழு மாதிரிக்குரியது. படிப்பவரை இது தவறான உறுதிக்கு இட்டுச் செல்கிறது. ஆசிரிய பீடங்கள் திருத்திக்கொள்ள வேண்டிய வழக்கம் இது.

காலமும் ஒரு காரணம். கட்சிக்குள்ளேயே தெரிவு செய்யும்போது மனத்தை மாற்றிக்கொள்வதற்குப் பெரிய விலை இல்லை. ஆதலால் பலர் கடைசி நாட்களில் முடிவெடுக்கின்றனர். 2012இல் இதே பத்திரிகையின் இறுதிக் கணிப்பு மிட் ரோம்னிக்கு 24, ரொன் போலுக்கு 22, ரிக் சான்டோரமுக்கு 15 சதவீதம் என்றது. நான்கு நாள் எடுக்கப்பட்ட அக்கணிப்பின் பிந்திய இரண்டு நாட்களை மட்டும் பார்த்தால் சான்டோரம் 21 சதவீதத்துக்கு உயர்ந்திருந்தார்; செல்சர் அதை மறைக்காமல் வெளியிட்டார். இறுதியில் சான்டோரம் ரோம்னியை 34 வாக்குகளால் முந்தினார். நான்கு நாட்களின் சராசரியை மட்டும் வாசித்தவர்களுக்கே அது அதிர்ச்சியாக இருந்தது.

‘மதவழி வாக்காளர்’ என்று எழுதுகிறார்கள். கத்தோலிக்கர்களாகிய எங்களையும் மற்றச் சபையினரையும் அங்கே ஒரே அணியாகவா கணக்கிடுகிறார்கள்?
— வாசகி ஒருவர், பாலையூற்று

இல்லை, கணக்கிடவும் கூடாது. 1960இல் மேற்கு வெர்ஜினியாவில் ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் ஜோன் கென்னடி போட்டியிட்டார். புரட்டஸ்தாந்தர் பெரும்பான்மையாக வாழும் மாநிலம் அது. அவருக்காக லூயிஸ் ஹாரிஸ் எடுத்த முதற்கணிப்பில் கென்னடி வெகுவாக முந்தியிருந்தார். அவர் கத்தோலிக்கர் என்பது பரவலாகத் தெரிந்த பின் எடுத்த கணிப்பில் நிலைமை தலைகீழாயிற்று. கென்னடி அந்த விடயத்தைத் தவிர்க்காமல் மக்கள் முன் நேரடியாகப் பேசினார். மே 10ஆம் திகதி 60 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்று ஹியூபர்ட் ஹம்ஃப்ரியை வென்றார். இரண்டு கணிப்புகளும் அந்தந்த வேளைக்கு உண்மையாகவே இருந்திருக்கலாம். மத உணர்வு மாறாத ஒரு சுவர் என்று எண்ணுவோர் இந்த ஒரு தேர்தலையாவது படிக்க வேண்டும்.

2008இல் மோர்மன் சபையைச் சேர்ந்த ரோம்னிக்கும், பாப்திஸ்து போதகராக இருந்த மைக் ஹக்கபிக்கும் இடையே அயோவாவில் நடந்த போட்டியும் இத்தகையதே. சுவிசேஷக் கிறிஸ்தவர்களிடையே ஹக்கபிக்கு 46 சதவீதமும், மற்றவர்களிடையே 14 சதவீதமும் கிடைத்தன. இரு வேட்பாளரும் தேவ நம்பிக்கையுள்ளவர்களே. ஆயினும் வாக்கு சபை எல்லையை ஒட்டிப் பிரிந்தது.

மத வாக்கு வலதுசாரிக் கட்சியான குடியரசுக் கட்சிக்கே உரியது என்பதும் சரியன்று. ஜனநாயகக் கட்சியின் தென் கரோலினா முதனிலையில் வாக்களிப்போருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். அவர்களின் அரசியல் வாழ்வு தேவாலயங்களில் வேரூன்றியது. 2020இல் தொடக்க மாநிலங்களில் தோற்றுத் தளர்ந்திருந்த ஜோ பைடனுக்கு, பெப்ரவரி 26ஆம் திகதி ஜிம் கிளைபர்ன் ஆதரவு தெரிவித்தார். அவர் அம்மாநிலத்தின் மூத்த காங்கிரஸ் உறுப்பினர். போதகர் ஒருவரின் மகன். மூன்று நாட்களின் பின் பைடன் ஏறத்தாழ 49 சதவீதம் பெற்று வென்றார். வாக்களித்து வெளியேறியோரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் அந்த ஆதரவு தமக்கு முக்கியமாக இருந்ததாகக் கூறினர். ஆனால் ‘மதவழி வாக்காளர்’ என்ற தலைப்பின் கீழ் இவர்களைப் பற்றிய செய்தி மிக அரிதாகவே வருகிறது. இது எனக்கு வருத்தமளிக்கிறது.

மதத் தலைவர் ஒருவர் கைகாட்டினால் அங்கே வாக்கு மாறுகிறதா?
— வாசகர் ஒருவர், கிண்ணியா

சில வேளைகளில் மாறுகிறது; பெரும்பாலும், மக்கள் ஏற்கனவே சாய்ந்த பக்கத்தைத் தலைவரும் உறுதிப்படுத்துகிறார். அயோவாவின் செல்வாக்குள்ள கிறிஸ்தவச் செயற்பாட்டாளர் பொப் வாண்டர் பிளாட்ஸ் 2008இல் ஹக்கபியையும், 2012இல் சான்டோரமையும், 2016இல் குரூஸையும் ஆதரித்தார். மூவரும் அங்கே முதலிடம் பெற்றனர். 2024இல் அவரும் மாநில ஆளுநர் கிம் ரெனால்ட்ஸும் ரொன் டிசான்டிஸை ஆதரித்தனர். ட்ரம்போ 51 சதவீதம் பெற்றார். சுவிசேஷக் கிறிஸ்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் அவருக்கே வாக்களித்தனர். அயோவாவில் வென்ற அந்த மூவரில் எவரும் இறுதியில் கட்சியின் வேட்பாளராகவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, வரிவிலக்குப் பெறும் மத நிறுவனங்கள் வேட்பாளரை ஆதரிப்பதை அமெரிக்கா 1954இல் தடுத்தது. தமது சபையாருக்கு வழிபாட்டின்போது கூறுவதற்கு அத்தடை பொருந்தாது என்று 2025இல் வரித் திணைக்களம் நீதிமன்றில் நிலைப்பாடு எடுத்தது. நமது 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டமோ, தேர்தல் முடிவைப் பாதிக்கும் நோக்குடன் சமயக் கூட்டமொன்றில் பேசுவதையே குற்றமாகக் கொள்கிறது. கோயில் பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் தேர்தல் காலத்தில் இதனை நினைவிற்கொள்வது நல்லது.

நாங்கள் சில இளைஞர்கள் சேர்ந்து நமது மாவட்டத்தில் இத்தகைய கணிப்பொன்றை நடத்த விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகர் ஒருவர், தம்பலகாமம்

முயற்சி வரவேற்கத்தக்கது. மூதூர், சேருவில, திருகோணமலை ஆகிய மூன்று தேர்தல் தொகுதிகளும், தமிழ், முஸ்லிம், சிங்கள மக்களும் கொண்ட மாவட்டத்தில் நான்கு ஆசனங்களுக்கான போட்டி நடைபெறுகிறது. ‘கிண்ணியா இன்னாருக்கு, நிலாவெளி இன்னாருக்கு’ என்று ஊரையே ஒரு வாக்காக எண்ணிப் பேசும் பழக்கம் இங்கே ஆழமாக உள்ளது. அதே பழக்கம் உங்கள் வினாக்கொத்துக்குள் நுழைந்துவிட்டால் கணிப்பு பயனற்றதாகிவிடும். சமயம் என்ன என்பதோடு நிறுத்தாமல், வழிபாட்டிடத்துக்கு எவ்வளவு அடிக்கடி செல்கிறார், தொழில் என்ன, வயது என்ன, சென்ற முறை வாக்களித்தாரா என்பவற்றையும் கேளுங்கள். கடற்றொழிலாளரான முருக பக்தருக்கும் அரச அலுவலரான முருக பக்தருக்கும் தேர்தலில் ஒரே அக்கறை இருக்க வேண்டியதில்லை.

வீட்டுப் பெரியவர் அருகிலிருக்க மருமகளிடம் கேட்கப்படும் கேள்விக்குக் கிடைப்பது அந்த வீட்டின் பதில். ஆகவே பெண்களிடம் பெண்களே, தனியே கேட்கட்டும். சிங்களம் பேசும் நண்பர்களையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். 400 பேரிடம் கேட்டால் முழு மாவட்டத்துக்குமான வழு எல்லை கூட்டியோ குறைத்தோ 5 புள்ளி அளவில் இருக்கும். அதுவும் அவர்கள் எழுந்தமானமாக, அதாவது எவருக்கும் சம வாய்ப்புள்ள முறையில், தெரிவு செய்யப்பட்டிருந்தால்தான். சமூகம் சமூகமாகப் பிரித்து வீதம் வெளியிட அந்தத் தொகை போதாது, வெளியிடாதீர்கள். கணிப்பு நடத்திய திகதிகளையும், கேட்ட கேள்வியை அதே சொற்களிலும், பதிலளிக்க மறுத்தோரின் தொகையையும் முடிவுகளோடு சேர்த்து எங்களுக்கு அனுப்பினால் இதே பகுதியில் பிரசுரிப்போம்.