கல்லறைத் தோட்டத்தில் புல் இருக்கிறது, பூவைக் காணோம்!

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். ஊர் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் காட்டுப்பூக்கள் வரட்டும் என்று தன்னார்வலர்கள் சிலர் சேர்ந்து இரண்டு வருடமாகப் புல்லை வெட்டாமல் விட்டோம். இப்போது இடுப்பளவு புல்தான் நிற்கிறது, கல்லறைக்கு வருகிறவர்கள் திட்டுகிறார்கள். பூ விதை பாக்கெட் வாங்கித் தூவலாமா?

பதில்: வேண்டாம். பல பாக்கெட்டுகளில் இருப்பது பாப்பி, கார்ன்ஃப்ளவர் மாதிரி உழுத மண்ணில் முளைக்கிற ஒரு வருடச் செடிகள். அடர்ந்த புல்லுக்குள் அவை தலையெடுக்காது.

வெட்டாமல் விட்டதுதான் சிக்கலே. அந்தக் காலத்தில் வருடாவருடம் புல்லை அறுத்து, காயவைத்து, தீவனத்துக்கு எடுத்துப் போவார்கள். அதனால் மண் மெலிந்து கிடந்தது, கௌஸ்லிப் என்ற மஞ்சள் காட்டுப்பூ போன்றவற்றுக்கு இடம் கிடைத்தது. வெட்டினாலும் வெட்டாவிட்டாலும், புல் அங்கேயே மட்கினால் மண்ணுக்குச் சத்து, சத்து ஏறினால் புல்லுக்குத்தான் கொண்டாட்டம். எரு போட்டே பழகிய நமக்கு இது தலைகீழ்க் கணக்குதான்.

அதனால் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்டிலோ, விதை முற்றியதும் வெட்டுங்கள். இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும், விதை உதிரும். அப்புறம் ஒரு துரும்பு விடாமல் வாரி எடுத்துவிடுங்கள். குளிர்காலம் வரை புல் வளர வளர இதையே செய்யுங்கள். விதை போட்டே ஆக வேண்டுமென்றால் யெல்லோ ராட்டில் என்ற காட்டுப்பூச் செடி ஒன்று போதும்: அதன் வேர் புல்லின் வேரைப் பற்றி உறிஞ்சிப் புல்லை அடக்கும். புது விதையாக வாங்கி, இலையுதிர் காலத்தில் மண் தெரியுமாறு கீறிவிட்டுத் தூவுங்கள். குளிர் பட்டால்தான் முளைக்கும். கோடையில் அதன் காய்ந்த காயை ஆட்டினால் உள்ளே கலகலக்கும், அதுவரை அந்தப் பக்கம் கத்தியே போகக் கூடாது.

வெட்டும்போது ஒரு பக்கமிருந்து மெதுவாகப் போங்கள், தவளைகள் ஓட வழி வேண்டும். பளபளவென்று பாம்பு மாதிரி ஸ்லோவொர்ம் கண்ணில் படலாம். அது காலில்லாத பல்லி, ஒன்றும் செய்யாது. 1981-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அதைக் கொல்வது குற்றம். வாரிய புல்லை ஒரு மூலையில் குவித்தால் அங்கேயே குடியேறிவிடும், பிறகு அந்தக் குவியலில் தோட்டவேலை முள்கரண்டியைச் சட்டென்று குத்தாதீர்கள். கல்லறைக் கற்களில் பாசி மாதிரித் திட்டுத்திட்டாகப் படர்ந்த லைக்கனையும் தேய்க்க வேண்டாம், அது மிக மெதுவாகத்தான் வளரும்.

திட்டுகிறவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. புதிய கல்லறைகளைச் சுற்றியும் நடைபாதையிலும் ஒட்ட வெட்டி வையுங்கள், வேண்டுமென்றேதான் மீதியை விட்டிருக்கிறார்கள் என்று புரியும். அதற்கு முன் சர்ச் நிர்வாகக் குழுவிடம் சம்மதம் வாங்கிவிடுங்கள்.