71 என்றால் 71 தானா?

வணக்கம் சார். எம்.எஸ்ஸி. உளவியல் முதலாண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் உளவியல் சோதனைகள் என்று ஒரு பேப்பர். மனிதர்களைப் படிக்கச் சொல்லித்தருவார்கள் என்று ஆசையாகப் போனால் நம்பகத்தன்மை, ஏற்புடைமை, திட்டப்பிழை என்று பாதி நாள் கணக்கிலேயே போய்விட்டது. செய்முறைக்காகப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு நுண்ணறிவை அளக்கும் கட்டை அடுக்கும் சோதனை வைத்தேன். ஸ்டாப்வாட்சைப் பார்த்ததுமே பதறிவிட்டான். நேரம் முடிந்து கட்டைகளை எடுத்துவைக்கும்போது, விட்டுப்போன அதே வடிவத்தை விளையாட்டாக அடுக்கிக் காட்டினான். அதற்கு மார்க் கிடையாது. அவன் அம்மா “எவ்வளவும்மா வந்திருக்கு?” என்று கேட்டபோது சொல்ல வாய் வரவில்லை. இந்த எண்ணெல்லாம் ஏமாற்று வேலை என்றே தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள மாணவிக்கு,

அந்த அம்மாவிடம் சொல்லாமல் விட்டது நல்லது. பயிற்சிக்கு வைத்த சோதனையின் எண் வீட்டுக்குப் போனால் அடுத்த பரீட்சையில் மார்க் குறையும்போதெல்லாம் அதை எடுத்துப் பேசுவார்கள். அப்புறம், அவன் பிறகு அடுக்கியதற்கு மார்க் இல்லாவிட்டாலும் அறிக்கையில் எழுத இடம் இருக்கிறது. நேரக் கெடு இல்லாதபோது செய்துமுடித்தான் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.

ஆனால் ஏமாற்று வேலை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்களுக்குச் சலித்துப்போன அந்தத் திட்டப்பிழையையே, அதாவது சோதனையில் வரும் எண் உண்மை அளவிலிருந்து எவ்வளவு ஏறி இறங்கியிருக்கலாம் என்ற கணக்கையே, எடுத்துக்கொள்வோம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2002-ல் சொல்லிவிட்டது. ஃபுளோரிடா மாநிலம் என்ன செய்ததென்றால், ஐ.க்யூ. எனும் நுண்ணறிவு எண் 70-க்கு மேல் ஒரு புள்ளி இருந்தாலும் வேறு சாட்சியமே பார்க்க மாட்டோம் என்று கோடு கிழித்துவிட்டது. ஃப்ரெடி லீ ஹால் என்ற கைதி காட்டிய எண் 71. திட்டப்பிழையைச் சேர்த்துப் பார்த்தால் 71 என்பது ஏறத்தாழ 66-க்கும் 76-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம், அதைக் கணக்கில் எடுக்காமல் ஒருவருக்கு மரண தண்டனை தர வழிவிடும் விதி செல்லாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, அதுவும் 5-க்கு 4 என்ற கணக்கில் மயிரிழையில். நீங்கள் கொட்டாவி விட்ட சூத்திரம்தான் அது! சோதனையை உருவாக்குகிறவர்களே இந்தப் பிழையைக் கையேட்டில் அச்சடித்துத் தருகிறார்கள். அதைப் புரட்டாமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களால்தான் வினை.

பிரெஞ்சு உளவியலாளர் பினே 1905-ல் பாரிஸில் நுண்ணறிவுச் சோதனையை ஆரம்பித்ததே எந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் கூடுதல் உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான். நம் ஊரிலும் அறிவுசார் குறைபாடோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளைக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ், தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், எல்லாவற்றுக்கும் போகிற வழியில் இப்படி ஒரு சோதனை நிற்கிறது. எண்ணே வேண்டாம் என்று நீங்கள் தூக்கிப் போட்டால் நஷ்டம் அந்தப் பிள்ளைக்கு.

கோபம் வந்தால் வேறு இடத்தில் காட்டுங்கள். இங்கே இன்னும் கையாளப்படும் சில சோதனைகளின் ஒப்பீட்டு அளவுகோல்கள், அதாவது எந்த வயதுப் பிள்ளை சராசரியாக எவ்வளவு எடுக்கும் என்ற பட்டியல்கள், பல பத்தாண்டுப் பழசு. தாத்தா காலத்துப் பிள்ளைகளோடு இன்றைய பையனை ஒப்பிட்டு என்ன சொல்ல முடியும்? அடுத்த செய்முறை வகுப்பில் பெட்டியைத் திறக்கும் முன், இந்த அளவுகோலுக்கு எந்த ஊர்ப் பிள்ளைகளை, எந்த வருஷம் சோதித்தார்கள் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்குப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை.