குட்டி நாய்க்கு வாயுத் தொல்லை: மருந்துக்கு முன்னால் தீவனப் பையைப் பாருங்கள்

கேள்வி: அக்கா, ராமநாதபுரத்தில் ஒருவரிடம் சிப்பிப்பாறைக் குட்டி வாங்கி மூன்று வாரம் ஆகிறது. இப்போது அதற்கு இரண்டு மாதம். ஓயாமல் வாயு பிரிகிறது, பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம். சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது. மற்றபடி நன்றாக ஓடி விளையாடுகிறது. காலையில் பசும்பால், மதியம் கடையில் கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் நாய்த் தீவனம், இரவில் வீட்டுச் சோறும் மீன் குழம்பும் கொடுக்கிறோம். கடைக்காரர் ஒரு கேஸ் சிரப்பும் கரி பிஸ்கட்டும் கொடுத்து 520 ரூபாய் வாங்கினார். பத்து நாளாகியும் குறையவில்லை. வேறு எந்த மருந்து வாங்கலாம்?
— வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, இன்னொரு மருந்து வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வேளை உணவிலேயே காரணம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு சிரப்பை மட்டும் மாற்றிக்கொண்டே போனால் பணம்தான் கரையும்.

நாயின் வயிற்றில் வாயு இரண்டு வழியில் சேர்கிறது. அவசர அவசரமாக விழுங்கும்போது உணவோடு உள்ளே போகும் காற்று ஒன்று. சிறுகுடலில் செரிக்காமல் மிஞ்சியது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் புளித்து உண்டாவது இன்னொன்று. விழுங்கிய காற்றுக்குப் பெரிதாக நாற்றம் இருக்காது. உங்கள் வீட்டில் நாற்றம்தான் பெரிய தொல்லை என்கிறீர்கள். அப்படியென்றால் குட்டிக்குச் செரிக்காத ஏதோ தினமும் உள்ளே போகிறது.

முதலில் பாலை நிறுத்துங்கள். தாய்ப்பால் மறக்க மறக்க, பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குட்டியின் குடலில் குறைந்துகொண்டே வரும். பசும்பாலில் அந்தச் சர்க்கரை நாய்ப்பாலில் இருப்பதைவிட அதிகம். எங்கள் வீட்டு முதல் குட்டிக்கு நாங்களும் பாசத்தில் தினமும் ஒரு டம்ளர் பால் ஊற்றினோம். நிறுத்திய நாலாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. குட்டிக்குத் தேவை சுத்தமான தண்ணீர், அது எந்நேரமும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது குழம்பு. மீன் நல்லதுதான், குழம்பு ஆகாது. அதில் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக் கூடியவை. உப்பு, புளி, மிளகாய் எதுவும் இரண்டு மாதக் குட்டியின் வயிற்றுக்கு உகந்ததில்லை. மீன் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் உப்பில்லாமல் அவித்து, முள்ளை ஒன்றுவிடாமல் எடுத்து, கொஞ்சம் சோற்றோடு பிசைந்து கொடுங்கள்.

இனி அந்த நிறுத்துத் தரும் தீவனத்துக்கு வருகிறேன். வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பெரிய மூட்டையைப் பிரித்து வைத்து, கரண்டியால் அள்ளி, பாலித்தீன் பையில் போட்டுக் கொடுக்கிறார்கள். மூட்டை எப்போது பிரிக்கப்பட்டது? அது குட்டிக்கானதா, வளர்ந்த நாய்க்கானதா? காலாவதி எப்போது? எதுவுமே உங்கள் கைக்கு வருவதில்லை. தீவன உருண்டையின் மேல் பூசியிருக்கும் கொழுப்பு, காற்றுப் பட்டதும் சிக்கடிக்கத் தொடங்கும். நம் கடற்கரைக் காற்றின் ஈரத்தைச் சொல்லவே வேண்டாம், வீட்டு உப்பே கசிந்து நிற்கிறது. ஈரம் ஏறிய தீவனத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். சூடு காட்டினாலும் அது போகாது.

அதனால் சிறிய, சீல் பிரிக்காத பையாக வாங்குங்கள். பையில் உற்பத்தி மாதம், நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரிப்பாளர் முகவரி, புகாருக்கான தொலைபேசி எண் இருக்க வேண்டும். பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகள் கேட்பவை இவை. பேட்ச் எண்ணும், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ‘பப்பி’ என்று போட்டிருக்க வேண்டும். பின்பக்கப் பட்டியலில் பொருட்கள் எடை அதிகமுள்ளதிலிருந்து வரிசையாக இருக்கும். முதல் மூன்று இடத்தையும் சோளம், சோயா, கோதுமைத் தவிடு பிடித்துக்கொண்டு, இறைச்சியோ மீனோ எங்கோ கடைசியில் இருந்தால், உங்கள் குட்டிக்கு அந்தப் பை வேண்டாம். சோயா, பட்டாணி போன்ற பயறு வகைகளில் நாயால் செரிக்க முடியாத சர்க்கரைகள் உண்டு. வாயுவுக்கு அவையே போதும். வளரும் குட்டியின் தீவனத்தில் ஈரம் நீக்கிய எடையில் புரதம் 22.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கம் (AAFCO) வைத்திருக்கும் அளவு. பல பைகளில் அந்தச் சங்கத்தின் பெயரே அச்சாகியிருக்கும்.

நிறுத்து வாங்குவது கிலோவுக்கு நாற்பது ஐம்பது ரூபாய் குறைவுதான், எனக்கும் தெரியும். மீன்பாடு இல்லாத மாதங்களில் அந்த ஐம்பதும் பெரிது. ஆனால் நீங்கள் சிரப்புக்கும் பிஸ்கட்டுக்கும் கொடுத்த 520 ரூபாய் பத்துக் கிலோவுக்கான அந்த வித்தியாசம்.

புதுத் தீவனத்தை ஒரே நாளில் மாற்றாதீர்கள். கால் பங்கு புதியது, முக்கால் பங்கு பழையது என்று தொடங்கி, ஏழு முதல் பத்து நாளில் முழுவதும் மாற்றுங்கள். இப்போதுள்ள தீவனத்தில் சிக்கு வாடையோ பூஞ்சையோ இருந்தால் மட்டும் அதை உடனே கொட்டிவிட்டு, பத்து நாளுக்கு அவித்த சோறு, தோலில்லாத கோழிக்கறியோடு புதியதைக் கலந்து வாருங்கள். பையின் பின்னால் எடைக்கேற்ற அளவுப் பட்டியல் இருக்கும். அந்த அளவை நான்காகப் பிரித்து நாலு வேளையாக வையுங்கள். லபக் லபக்கென்று விழுங்குகிற குட்டியாக இருந்தால், மெதுவாகத் தின்ன வைக்கும் கிண்ணம் என்று தனியாக விற்பதை வாங்க வேண்டியதில்லை. அகலமான தாம்பாளத்தில் பரப்பி வைத்தால் போதும். கிண்ணத்தின் நடுவில், அதன் வாய்க்குள் போகவே முடியாத அளவுக்குப் பெரிய வழவழப்பான உருண்டைக் கல்லையும் வைக்கலாம். கடற்கரையில் கிடக்கும் பவளப்பாறைத் துண்டு வேண்டாம், ஈறைக் கிழிக்கும்.

செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் குடற்புழுவுக்குச் செய்யுங்கள். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் நின்றால், பெரும்பாலும் உருண்டைப் புழுதான். குட்டி பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறையும் பூச்சி மருந்து கொடுப்பது வழக்கம். எடை பார்த்துத்தான் அளவு. அரசு கால்நடை மருத்துவமனைக்கு அன்றைய மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். வழக்கமான பூச்சி மருந்துக்குப் பணியாத ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணி இருந்தால் பரிசோதனையில்தான் தெரியும். அந்த கேஸ் சிரப் மனிதர்களுக்கானதா என்றும் லேபிளைப் பாருங்கள். சர்க்கரை இல்லாதது என்று விற்கும் சிரப்புகள் சிலவற்றில் சைலிட்டால் சேர்ப்பார்கள். நாய்க்கு அது கொடிய நஞ்சு.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் என் மனதை உறுத்துகிறது. இன்று இரண்டு மாதம், வாங்கி மூன்று வாரம் என்றால், ஐந்து ஆறு வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்து விற்றிருக்கிறார்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகள் எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பால் மறக்காத குட்டி திடீரென்று சோற்றுக்கும் தீவனத்துக்கும் மாறினால் வயிறு கெடாமல் என்ன செய்யும்? அவரிடம் போய், எந்தத் தேதியில் பூச்சி மருந்து கொடுத்தார், என்ன தடுப்பூசி போட்டார் என்று எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, எச்சரிக்கை. சிப்பிப்பாறை நெஞ்சு ஆழமான இனம். வயிறு மத்தளம்போல் இறுகி, வாந்தி எடுக்க முயன்று எதுவும் வராமல், நிலைகொள்ளாமல் தவித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அது வளர்ந்த பிறகுதான் அதிகம் வரும், ஆனாலும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு மணிக்கணக்கில்கூட அவகாசம் கிடையாது. குட்டிப் பருவத்தில் நான் அதிகம் அஞ்சுவது பார்வோ வைரஸை. சோர்ந்து படுத்து, சாப்பிட மறுத்து, வாந்தியும் இரத்தம் கலந்த பேதியும் வந்தால் அது வாயு இல்லை. எங்கள் இரண்டாவது குட்டிக்கு வாயு என்று நினைத்து ஒரு நாள் பொறுத்திருந்தோம். அந்த ஒரு நாளை எங்களால் திரும்ப வாங்க முடியவில்லை.

கேள்வி: சீல் பிரிக்காத மூன்று கிலோ பப்பி தீவனம் வாங்கினேன். வீட்டில் பிரித்தால் புழுவும் நூலாம்படையும். அதற்குள் ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டேன், குட்டிக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. “பிரித்த பையைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்கிறார் கடைக்காரர்.
— வாசகி, கீழக்கரை

பதில்: பிரிக்காமல் உள்ளே இருக்கும் புழு எப்படித் தெரியும்மா? அவர் சொல்வது செல்லாது. பையையும் மிச்சத் தீவனத்தையும் தூக்கிப்போட்டுவிடாதீர்கள். பேட்ச் எண், தேதி, புழு மூன்றும் தெரியும்படி படம் எடுங்கள். கடை ரசீது, கால்நடை மருத்துவரின் சீட்டு, மருந்து ரசீது எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். பையில் உள்ள புகார் எண்ணுக்குப் பேசுவதோடு நிறுத்தாமல் எழுத்திலும் அனுப்புங்கள். பல நிறுவனங்கள் அந்த இடத்திலேயே மாற்றிக் கொடுத்துவிடும். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தீவனத்தின் விலையோடு மருத்துவச் செலவையும் சேர்த்தே கேளுங்கள்.

அடுத்த பையைப் பிரித்த பிறகு தீவனத்தை டப்பாவில் கொட்டாதீர்கள். பையோடு மடித்துக் கட்டி, மூடி இறுகிய எவர்சில்வர் தூக்கிலோ டின்னிலோ வையுங்கள். பேட்ச் எண்ணும் கூடவே இருக்கும்.

கேள்வி: கரையில் ஒதுக்கும் சங்காயத்தை, அதாவது விலைபோகாத கழிவு மீனை, காயவைத்து, பொடியாக்கிக் குட்டிக்குப் போடலாமா? தீவனச் செலவு மிச்சமாகுமே.
— வாசகர், மண்டபம்

பதில்: வேண்டாம் அண்ணே. கோழித் தீவனத்துக்குப் போகிற சங்காயத்தில் எது கலந்திருக்கிறது, எத்தனை மணி நேரம் வெயிலில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. கெட்ட மீனால் வரும் வாயுவும் பேதியும் ஒருபுறம் இருக்கட்டும், அதில் ஒரு பேத்தை மீன் (உடம்பை உப்பிக்கொள்ளும் நஞ்சு மீன்) கிடந்தாலே போதும். பேத்தையின் நஞ்சு காய வைத்தாலும் அவித்தாலும் போகாது. மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் அன்றைக்கு வந்த சூடையோ சாளையோ வாங்கி, குடலும் முள்ளும் நீக்கி அவித்துக் கொடுங்கள். சாளை இனத்தைப் பச்சையாகக் கொடுத்தால் பி1 வைட்டமினை அழிக்கும் நொதி உள்ளே போகும், அவித்தால் அது கெட்டுவிடும். மீனும் சோறும் மட்டுமே முழு உணவாகிவிடக் கூடாது, எலும்பு வளரத் தேவையான சுண்ணாம்புச் சத்து அதில் போதாது. ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கி மீன் வரத்து குறையும்போதும் ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

குட்டியைக் கரையில் அவிழ்த்துவிடுகிறீர்கள் என்றால் கண் அதன் வாயிலேயே இருக்கட்டும். பேத்தையைக் கடித்துவிட்டது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல், கடித்த மீனையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.