யாரும் அணிய முடியாத பாட்டியின் பாம்படத்தை அழித்து வளையல் செய்யலாமா?

பாட்டி விட்டுச்சென்ற பாம்படம், அதாவது வளர்த்த காதில் அந்தக் காலப் பெண்கள் அணிந்த பெரிய தங்கக் காதணி, பீரோவில் வீணாகக் கிடக்கிறது, அதை அழித்து வளையல் செய்துகொள்ளலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அழிக்க வேண்டாம் என்பதே என் பதில்.

முதலில் கணக்கு. பாம்படம் பார்வைக்குப் பெரிதாக இருந்தாலும் பெரும்பாலும் கெட்டித் தங்கமன்று. மெல்லிய தகட்டில் உருண்டையும் கட்டையும் கூம்புமாகச் செய்து இணைத்து, உள்ளே அரக்கை நிரப்பியிருப்பார்கள். உருக்கினால் அரக்கு எரிந்துபோகும். பாகங்களை இணைக்கப் பற்றவைத்த பொடியில் உள்ள செம்பும் வெள்ளியும் தங்கத்தின் மாற்றை, அதாவது தூய்மையை, குறைக்கும். மிஞ்சுகிற தங்கத்தின்மேல் புது வளையலின் செய்கூலியும் சேதாரமும் வரியும் ஏறும். வீட்டார் மனக்கணக்குப் போடும் பவுன் கைக்கு வராது.

கணக்கைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. சிறுவயதிலேயே காது குத்தி, துளையில் பஞ்சுத் திரி வைத்து, பிறகு துளையை இழுத்துப் பெரிதாக்கும் கனமான ஈயக் குணுக்குப் போட்டு, காதின் சோணை தோளைத் தொடும்வரை வளர்த்த காதுக்கென்றே செய்யப்பட்ட நகை அது. தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமையைத் தந்த சட்டத் திருத்தம் 1989-இல்தான் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அதற்கு முன்பு மணமாகிப் போன பெண் 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்ளக் காதிலும் கழுத்திலும் கிடந்ததைத் தவிர அதிகம் இருக்கவில்லை என்பது விளங்கும். மழை பொய்த்த ஆண்டில் அடகுக்குப் போய், அறுப்பு முடிந்து மீண்டு வந்ததும் அதே நகைதான்.

எங்கள் ஆச்சியின் பாம்படத்தில், தோளில் உரசிய அடிப்பக்கத்துக் கோடுகள் தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டன. மேற்பக்கத்துக் கோடுகள் இன்னும் நகத்தில் இடறுகின்றன. ஆசாரியின் கையும் ஆச்சியின் வாழ்நாளும் அந்தத் தகட்டில் சேர்ந்தே பதிந்திருக்கின்றன. உருக்கினால் இரண்டுமே போய்விடும்.

மறுபடி செய்து வாங்கலாம் என்றாலும் எளிதன்று. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்வதைத் தடுத்தபோது பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்து வேறு வேலைக்குப் போனார்கள். காது வளர்க்கும் வழக்கமும் நின்றுபோனபின், இந்த வேலை தெரிந்த கைகள் அருகிவிட்டன.

அணிந்தே ஆகவேண்டும் என்றால், இருக்கிற வளையத்திலேயே சங்கிலியைக் கோத்துப் பதக்கமாகப் போட்டுக்கொள்ளலாம். புதிதாக எதையும் பற்றவைக்க விடாதீர்கள்; சூடு பட்டால் உள்ளே அரக்கு இளகிவிடும். மெருகு போடவும் கொடுக்க வேண்டாம், தேய்மானத்தின் தடம் அழிந்துவிடும். உரிமை கோருபவர்கள் இருவர் என்றால் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதில் தவறில்லை. எப்படி வைத்துக்கொண்டாலும், யாருக்காக, எந்த ஊரில், எந்தக் கல்யாணத்துக்குச் செய்தது என்பதை, தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி அதனுடன் வையுங்கள்.