ஆயா வேலைக்குச் சம்பளம்: மாதத்தை விட்டுவிட்டு மணியைக் கணக்குப் போடுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 46 வயது. சென்னை சோழிங்கநல்லூரில் ஒரு ஃப்ளாட்டில் ஒன்றேகால் வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். ஒரு வருடம் முன்பு சேர்ந்தபோது காலை 8 முதல் மாலை 6 வரை, ஞாயிறு லீவு, மாதம் 13,000 ரூபாய் என்று பேச்சு. இப்போது அங்கிருந்து கிளம்பவே இரவு 8 ஆகிறது. குழந்தைக்கு மட்டும் கஞ்சி காய்ச்சியவர் வீட்டுக்கே மதியச் சமையல் செய்கிறார். போன மாதம் அவர்கள் 10 நாள் சொந்த ஊருக்குப் போனதற்கு 4,333 ரூபாய் பிடித்துவிட்டார்கள். நல்ல மனிதர்கள்தான், அம்மாவுக்கும் குழந்தை என்றால் உயிர். எவ்வளவு கேட்பது, எப்படிக் கேட்பது?

பதில்: முதலில் கணக்கைப் பார்ப்போம். ஞாயிறு போக மாதத்துக்கு 26 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசியபடி நாளுக்கு 10 மணி நேரம் என்றால் மாதம் 260 மணி நேரம். 13,000-ஐ 260-ஆல் வகுத்தால் மணிக்கு 50 ரூபாய். இப்போது நாளுக்கு 12 மணி நேரம், மாதம் 312. அதே 13,000-ஐ 312-ஆல் வகுத்துப் பாருங்கள்: 41 ரூபாய் 67 காசு. ஒரு வருடமாகச் சம்பளம் ஏறவில்லை என்றுதான் அம்மா நினைத்திருப்பார். உண்மையில் மணிக்கு எட்டு ரூபாய்க்கு மேல் இறங்கியிருக்கிறது.

பழைய விலையிலேயே போட்டாலும் 312 மணி நேரத்துக்கு 15,600 ரூபாய் வர வேண்டும். ஆக, முதல் 2,600 ரூபாயைச் சம்பள உயர்வு என்று கேட்கவே கூடாது. ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு வராத கூலி அது. தொழிற்சாலைகளில் ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி தருகிறார்கள். அந்த விதி வீட்டு வேலைக்கு நேரடியாகப் பொருந்தாது என்றாலும் பேசுவதற்கு நல்ல அளவுகோல். கூடுதல் 52 மணி நேரத்துக்கு மணிக்கு 100 ரூபாய் வீதம் 5,200, மொத்தம் 18,200. அம்மா 18,000-இல் பேச்சைத் தொடங்கலாம். 15,600-க்குக் கீழே வர வேண்டாம். இது குழந்தையைப் பார்ப்பதற்கு மட்டும், சமையல் தனி.

இந்த இரண்டு மணி நேரம் எங்கே போகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பாத்திரம் துலக்குபவர் ஆறு மணிக்குக் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பலாம். ஆயா அப்படிக் கிளம்ப முடியாது. மணி ஆறாகும்போது குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருக்கும், அடுத்த அறையில் தாய் ஆபீஸ் போன் காலில் இருப்பார், தகப்பன் ஓஎம்ஆர் டிராஃபிக்கில் இருப்பார். வாங்கிக்கொள்ள ஒரு கை வரும்வரை இவர் நகர முடியாது. அதனால் வேலை முடியும் நேரத்தை மட்டும் பேசினால் போதாது. குழந்தையை யார் கையில், எத்தனை மணிக்குக் கொடுப்பது என்று பேச வேண்டும். "ஆறு மணிக்குப் பாப்பாவை நீங்களோ சாரோ வாங்கிக்கணும் மேடம். முடியாத அன்னைக்கு நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க. அந்த நேரத்தைத் தனியா எழுதிக்கலாம்." இந்த மூன்று வாக்கியம் போதும். தாமதம் செலவும் வைக்கிறது. பெண்களுக்கு இலவசமான சாதாரணக் கட்டண பஸ் கிடைக்காத இரவுகளில் ஷேர் ஆட்டோவுக்குக் கைக்காசு போகும். அதையும் சொல்லுங்கள்.

பேசுவதற்கு முன் இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வந்த நேரம், கிளம்பிய நேரம், நடுவில் குழந்தையின் கணக்கு: 'காலை 7.55 வந்தேன். 9.15 ராகிக் கஞ்சி அரைக் கிண்ணம். 11.40 முதல் 1.10 வரை தூக்கம். 3.30 பால் 150 மில்லி. லேசாகச் சளி. இரவு 8.05 கிளம்பினேன்.' இப்படி ஒரு பக்கம் இருந்தால் பெற்றோருக்கும் உபயோகம், டாக்டரிடமும் காட்டலாம். வேலை நேரமும் அதிலேயே பதிவாகிவிடும். நினைவிலிருந்து 'தினமும் லேட்டாகுது' என்று சொன்னால் 'எப்பவோ ஒரு நாள்தானே' என்று பதில் வரும். நோட்டைக் காட்டினால் வராது.

சமையல் விஷயத்தில் காசைவிடக் குழந்தையின் பாதுகாப்பு பெரிது. ஒன்றேகால் வயதில் குழந்தை நடக்கும், காலைக் கட்டிக்கொண்டு நிற்கும், கைக்கு எட்டுவதை இழுக்கும். அடுப்பில் எண்ணெய் காயும்போது கீழே அந்தக் குழந்தை இருந்தால் ஒருவரால் இரண்டையும் பார்க்க முடியாது. அது தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் சமைக்கலாமே என்பார்கள். அதுதான் அம்மா சாப்பிட்டு முதுகைச் சாய்க்கும் நேரம். 12 மணி நேர வேலையில் அது கண்டிப்பாக வேண்டும். சமைத்தே ஆக வேண்டும் என்றால், பெற்றோரில் ஒருவர் குழந்தையை வைத்துக்கொள்ளும் நேரத்தில்தான் என்று முடிவு செய்யுங்கள். அதற்குத் தனித் தொகை பேசுங்கள். அதே அப்பார்ட்மென்டில் சமையலுக்கு வரும் இரண்டு மூன்று பேரிடம் கேட்டாலே அங்கே ஓடும் ரேட் தெரிந்துவிடும்.

பிடித்த 4,333 ரூபாய்க்கு வருவோம். 13,000-ஐ 30-ஆல் வகுத்து, 10-ஆல் பெருக்கியிருக்கிறார்கள். அம்மா லீவு போடவில்லை. வர வேண்டாம் என்றது அவர்கள். அந்தப் பத்து நாளுக்கு அவர் வேறு வீட்டில் சேரவும் முடியாது. மாதச் சம்பளம் பேசிய வேலையில் வீட்டார் ஊருக்குப் போனால் சம்பளம் உண்டு, ஆயா தன் தேவைக்கு அளவுக்கு மேல் லீவு எடுத்தால் பிடித்தம் உண்டு. நியாயமான ஏற்பாடு இதுதான். எந்த எண்ணால் வகுப்பது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். பிடிக்கும்போது 30-ஆல் வகுத்தால் ஒரு நாள் 433 ரூபாய், வேலை நாளான 26-ஆல் வகுத்தால் 500. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் தருவது 500 ஆகவே இருக்கட்டும். பிடித்த பணத்தை ஒரே தடவையில் கேட்கச் சங்கடமாக இருந்தால் இரண்டு மாதத்தில் பிரித்துத் தரச் சொல்லலாம்.

பேசி முடித்ததும் எழுத்தில் வர வேண்டும். ஒப்பந்தப் பத்திரம் என்றால் இரு தரப்பும் மிரளும். ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போதும். வேலை நேரம், சம்பளம், மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு, பண்டிகை லீவு, தீபாவளி போனஸ், எந்த மாதம் சம்பளம் கூடும், நிறுத்துவதானால் எத்தனை நாள் முன்பு சொல்வது — இவற்றை எழுதி அனுப்பி 'சரி' என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளம் ரொக்கமாக வேண்டாம். அம்மாவின் சொந்த வங்கிக் கணக்குக்கு வரட்டும். பின்னால் தகராறு வந்தால் பாஸ்புக்கே சாட்சி. அட்வான்ஸ் வாங்கினால் மாதம் எவ்வளவு கழியும் என்பதும் அந்த மெசேஜிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடனுக்காகவே வேலையில் தங்க வேண்டி வரும்.

சட்டத்தில் பிடிமானம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு, அதுவும் மணிக்கணக்கில். இன்றைய தொகையைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கூலி பாக்கிக்கான புகாரையும் அங்கேதான் கொடுக்க வேண்டும். 2007-இல் அமைந்த வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுவரை உள்ளவர்கள் பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கும் திருமணத்துக்கும் உதவித்தொகை, விபத்து இழப்பீடு, 60-க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் அதன் வழியாக வரும். பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டுக் கடைசியில் ஓய்வூதியத்துக்கு அலைபவர்கள் நிறையப் பேர். அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு இலவசம். ஆதார், அதோடு இணைத்த மொபைல் எண், வங்கிக் கணக்கு இருந்தால் போதும். மாதம் 3,000 ரூபாய் தரும் ஷ்ரம் யோகி மான்தன் ஓய்வூதியத்தில் சேர 40 வயது தாண்டக் கூடாது என்பதால் அம்மாவுக்கு அது கிடைக்காது. நீங்கள் அமைப்புசாரா வேலையில், 15,000-க்குள் சம்பளம் வாங்குபவர் என்றால் உங்களுக்குப் பாருங்கள்.

பேச்சு முறிந்து அம்மா நின்றுவிடுவதானால் அன்றைக்கே நிற்க வேண்டாம். பதினைந்து நாள் அவகாசம் கொடுக்கட்டும். கடைசி நான்கைந்து நாள் புதிதாக வருபவரும் கூடவே இருந்தால், தூங்க வைக்கும் முறையும் சாப்பாட்டுப் பழக்கமும் கைமாறும், குழந்தை ஏங்காது. அந்த நாட்களுக்கும் அம்மாவுக்கு முழுச் சம்பளம் உண்டு.