கண்மாய்கள் கடலுக்குள் போனது எப்படி?

கேள்வி: மேலூர் வட்டாரத்தின் 43 கண்மாய்களைக் கைப்பேசியில் குறித்து, க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினேன். அவற்றுக்கு இடையிலான தூரம் மீட்டரில் தேவைப்பட்டதால், லேயரின் (வரைபட அடுக்கின்) ஆயத்தொலைவு முறையை, டிகிரியில் அளக்கும் 4326-இலிருந்து மீட்டரில் அளக்கும் 32644-க்கு மாற்றினேன். அவ்வளவுதான்! எல்லாம் ஒரே புள்ளியாகி இந்தியப் பெருங்கடலில் கிடக்கின்றன.
– மேலூர் வாசகர்

பதில்: துணியின் நீளத்தை '5 முழம்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். முழத்தை அடித்துவிட்டு 'மீட்டர்' என்று எழுதினால் துணி வளருமா? நீங்கள் செய்தது அதைத்தான்.

கைப்பேசி தந்தது டிகிரிக் கணக்கு: தீர்க்கம் 78.3, அட்சம் 10. பெயரை மட்டும் மாற்றியதும், மென்பொருள் அவற்றை 78.3 மீட்டர், 10 மீட்டர் என்று படித்துவிட்டது. 32644-இன் கிழக்குக் கணக்கு தொடங்குவது 81 டிகிரி தீர்க்கத்துக்கு 500 கிலோமீட்டர் மேற்கே. வடக்குக் கணக்கு நிலநடுக்கோட்டில். அந்த இடம் மாலத்தீவுக்குக் கிழக்கே நடுக்கடல். உங்கள் 43 கண்மாய்களும் அங்கே ஒரு முழத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன, பாவம்.

முதலில் லேயரை மீண்டும் 4326 ஆக்குங்கள். பிறகு வலது கிளிக் செய்து, ஏற்றுமதி வழியாக 32644-இல் புதிய கோப்பாகச் சேமியுங்கள். எண்கள் உண்மையிலேயே மாறுவது அப்போதுதான். திண்டுக்கல் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 32644 என்பது ஒரு மண்டலத்துக்கு மட்டுமான முறை, அந்த மண்டலம் 78 டிகிரி தீர்க்கத்தில் பிரிகிறது. உங்கள் நகரம் மயிரிழையில் அதற்கு மேற்குப் பக்கம், உங்களுக்கு 32643.

புள்ளி எங்கே போய் விழுகிறது என்பதே நோயைச் சொல்லிவிடும். ஆப்பிரிக்காவில் கானாவுக்குத் தெற்கே கடலில் விழுந்தால், எக்செல் கட்டங்களில் பூஜ்யம் இருக்கிறது. ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே விழுந்தால், அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கின்றன. ஊர் சரியாக இருந்து, எல்லாம் ஓரிரு நூறு மீட்டர் நகர்ந்திருந்தால், பழைய வரைபடத் தாளைச் சந்தேகப்படுங்கள். 1802-இல் சென்னையில் லாம்டன் தொடங்கிய பெரும் அளவைப் பணியின் வழிவந்த அந்தத் தாள்கள், எவரெஸ்ட் 1830 என்ற வேறொரு பூமி வடிவத்தை நம்பியவை. நானே ஒருமுறை அப்படியொரு தாளை ஸ்கேன் செய்து, யோசிக்காமல் 4326 என்று முத்திரை குத்தினேன். கோயில் போய்க் குளத்துக்கு நடுவில் நின்றது. அரை நாள் கைப்பேசியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

'இணைய வரைபடத்தின் 3857 போதாதா?' என்று அடுத்த கடிதம் வரும். அதுவும் மீட்டர்தான், ஆனால் இழுத்துவிட்ட மீட்டர். மேலூரில் 10 கிலோமீட்டரை 10.15 என்று காட்டும். டெல்லியில் ஏறக்குறைய 11.4. 32644-இல் உங்கள் ஊரில் அதே 10 கிலோமீட்டருக்குப் பிழை பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும்.

மாற்றியபின் ஒரு கண்மாயின் எண்களைப் பாருங்கள். கிழக்கு இரண்டு லட்சத்தை ஒட்டியும், வடக்கு பதினொரு லட்சத்தை ஒட்டியும் இருக்க வேண்டும். இன்னமும் 78 என்றே நின்றால், மறுபடியும் பெயரைத்தான் மாற்றியிருக்கிறீர்கள்.